குறில் நெடிலாகிய புல்வெளி

1

யாழ்ப்பாணத்தில் தமிழாசிரியராய் இருந்தவர் இப்போது செருமனியில் என்ன செய்கிறார் என்று ஊரிலுள்ள அன்பர் சிலர் மடல்தோறும் வினவுகின்றனர். நூல் எழுதுகிறேன், சொற்பொழிவு ஆற்றுகிறேன் என்றெல்லாம் அவர்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், நான் என் மனைவியின் முக்காலியைச் சுமக்கிறேன்.

அமரும் முக்காலியன்று, படக்கருவியை அசையாமல் தாங்கி நிற்கும் முக்காற் சட்டகம். இந்நாட்டார் அதனை ‘ஸ்டாட்டீவ்’ என்பர். நல்ல தமிழ்ச்சொல் ஒன்று இருக்க அயற்சொல் எதற்கு என்று, கருவி வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவி திலகவதியிடம் கேட்டேன்.

“முக்காலி எண்டா இருக்கிறதுக்கு. இதில ஆர் இருக்கிறது? நீங்களோ?” என்றார் அவர்.

அன்று முதல் வீட்டில் அது ஸ்டாட்டீவ். நான் எழுதுமிடத்தில் மட்டும் முக்காலி.

நாங்கள் வாழும் எசன் நகரில், நிலக்காட்சிகளை மட்டுமே படம்பிடிக்கும் சிறு குழு ஒன்று உண்டு. திங்களுக்கு ஒருமுறை மலையும் புல்வெளியும் உள்ள இடம் ஒன்றைத் தெரிந்து, இரண்டு சிற்றுந்துகளில் சேர்ந்து செல்வர். அதனை நடத்துபவர் ஹைக்கே என்னும் அம்மையார். நில அளவைப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். குரல் மட்டும் ஓய்வுபெறவில்லை. குழுவில் தமிழர் மூவர். திலகம் ஒருவர், நகரப் பேருந்து ஓட்டும் குகன் ஒருவர், சுமைதூக்கும் நான் ஒருவன்.

இவர்களிடம் நான் பெரிதும் வியப்பது இவர்களுடைய காத்திருப்பை. நம்மவர் விழாக்களில் படம்பிடிப்பவர் அரசர் போன்றவர். மணமகளைத் திரும்பச் சொல்வார்; மாமனாரைச் சிரிக்கச் சொல்வார்; ஐயரைக்கூடத் தாலியைச் சற்று உயர்த்திப் பிடிக்கச் சொல்வார். மலையிடம் அப்படி ஒன்றும் சொல்ல இயலாது. முகில் விலகும்வரை நிற்கவேண்டும். விலகாவிட்டால் வீடு திரும்பவேண்டும். ஒருநாள் முழுதும் குளிரில் நின்று, ஒரு படமும் எடுக்காமல், “நல்ல நாள்” என்று மனநிறைவோடு வண்டியேறும் மாந்தரை நான் இங்கேதான் கண்டேன்.

2

திலகம் இக்குழுவில் சேர்ந்ததன் பின்னணியைச் சொல்லவேண்டும்.

நாங்கள் ஏதிலிகளாக இந்நாட்டுக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது விடுதியில் ஓர் அறை. அதனைத் துணித்திரையால் பிரித்து இன்னொரு குடும்பமும் வாழ்ந்தது. பின்னர்ச் சிறுவீடு கிடைத்தது. கிடைத்த கையோடு என் தம்பி வந்தான், திலகத்தின் தங்கை வந்தார், ஊரவர் வந்தனர். எவரையும் இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. திலகம் மருத்துவமனை ஒன்றின் வெளுப்பறையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தார். கட்டடத்தின் அடித்தளத்தில், சாளரம் இல்லாத கூடத்தில், நீராவிக்கும் வெள்ளைத் துணிக்குவியலுக்கும் இடையில். வீட்டில் ஆட்கள், வேலையில் ஆட்கள், ஞாயிறுதோறும் விழா மண்டபத்தில் ஆட்கள்.

ஓய்வு பெற்ற அன்று அவரிடம் கேட்டேன்: “இனி உமக்கு என்ன வேணும்? சொல்லும்.”

நகையோ பயணமோ கேட்பார் என எண்ணினேன். அவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சனம் இல்லாத ஒரு இடத்தைப் பாக்கவேணும். அதை எடுத்துச் சுவரில வைக்கவேணும்.”

எளிய விருப்பம்போலத் தோன்றும். செருமனியில் அது மிக அரிது. எவ்வளவு உயர ஏறினாலும் ஒரு மின்கம்பம், ஒரு காற்றாலை, இரண்டு கைத்தடிகளை ஊன்றி விரைந்து நடக்கும் முதியவர் ஒருவர் கண்ணில் படுவார். ஓராண்டாகத் திலகம் எடுத்த படங்கள் எத்தனையோ. வீட்டில் கணினித் திரையில் அவற்றைப் பெரிதாக்கிப் பார்ப்பார். “இஞ்ச பாருங்கோ, ஒரு வேலி” என்பார், தள்ளிவிடுவார். “இதில ஒரு நாயும் மனுசனும்.” தள்ளிவிடுவார். எனக்கு அந்த நாயும் மனிதனும் கடுகளவுகூடத் தெரிவதில்லை.

குழுவினர் ஆண்டுதோறும் நகர நூலகத்தின் முன்கூடத்தில் படக்காட்சி வைப்பர். ஆளுக்கு ஒரு படம். அவ்வாண்டுப் பயணங்களில் எடுத்ததாக இருக்கவேண்டும். முதன்முறையாகத் திலகத்துக்கும் சுவரில் ஓரிடம் ஒதுக்கியிருந்தனர். கடந்த ஐப்பசியில் ரோன் மலைநாட்டுக்குச் சென்ற பயணமே அவ்வாண்டின் இறுதிப் பயணம். அதுவரை அவர் கையில் கொடுப்பதற்கு ஒரு படமும் இல்லை.

3

ரோன் மலைநாட்டைக் காணாதவர்க்கு அதனை எப்படிச் சொல்வது? மலை என்றதும் நாம் முகட்டையும் பாறையையும் நினைப்போம். அங்கே மலைகளின் உச்சி மழுங்கி, நீண்டு, புல்லாக விரிந்து கிடக்கிறது. ஒரு மேட்டின் மேல் நின்றால் அடுத்த மேடு, அதற்கப்பால் இன்னொன்று, அதற்கும் அப்பால் நீலமாய்க் கரையும் வேறொன்று. இடையில் மரம் மிகக் குறைவு. ஐப்பசியில் அப்புல் கதிர்முற்றிய வயலின் நிறம் கொள்கிறது. காற்று வரும் வழியைப் புல்லே காட்டிக்கொடுக்கிறது. திறந்த தொலைவுகளின் நாடு என்று அவ்வூரவர் அதனை அழைக்கின்றனர். பெயர் வைத்தவரின் கையைப் பற்றிக் குலுக்க வேண்டும்போல் இருந்தது.

அத்தனை அழகையும் காக்க அவர்கள் வைத்திருக்கும் காவல் ஒரேயொரு சட்டம். காப்பு நிலத்தில் பாதையை விட்டு விலகக்கூடாது. நுழைவிடத்தில் அறிவிப்புப் பலகை. அதன் முன்னால் எங்களை நிறுத்தி ஹைக்கே மீண்டும் சொன்னார். பாதைக்கு இந்நாட்டாரின் இடாய்ச்சு மொழியில் ‘வேக்’ என்று பெயர். வேக், வேக், வேக் என்று விரலை ஆட்டி மும்முறை சொன்னார். கண்காணிப்பாளர் வந்தால் தண்டம் கட்டவேண்டும், குழுவுக்கு அடுத்த ஆண்டு ஒப்புதல் கிடைக்காது என்றும் எச்சரித்தார்.

குகன் என் காதருகே, “மாஸ்ரர், இவ பஸ்ஸில ரிக்கெற் பாக்கிற ஆக்களை விட மோசம்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. இந்நாட்டில் நான் கற்ற முதற்பாடம் பலகைகளுக்குப் பணிதல். புகலிடம் கேட்ட நாள்களில் எந்த அலுவலகத்தில் எந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்பதை ஒருவன் பிழைவிட்டால், அவன் ‘டெர்மின்’ என்னும் முன்பதிவு நேரம் போய்விடும்; அது போனால் மறுபடி எப்போது அழைப்பார்கள் என்பது எவருக்கும் தெரியாது. அக்காலத்தின் அச்சம் என் கால்களில் இன்றும் இருக்கிறது. குடியுரிமை கிடைத்த பின்னும் அது போகவில்லை.

4

பாதை வளையும் மேட்டில் குழுவினர் முக்காலிகளை வரிசையாக நட்டனர். கீழே பாதை சரிந்து இறங்கி, புல்வெளியின் நடுவாகச் சென்று, மறுமேட்டில் மறைந்தது. வேலி இல்லை; கம்பம் இல்லை; காற்றாலை இல்லை. திலகம் கருவியின் பின்திரையில் ஓரம் ஓரமாகத் தேடினார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை ஓராண்டில் நான் கண்டதே இல்லை.

ஆயினும் வானம் மூடியிருந்தது. காத்திருந்தோம். நண்பகல் கழிந்து நெடுநேரமாயிற்று. சும்மா நிற்பதற்கு எனக்கும் ஓர் எல்லை உண்டு. “கொஞ்சம் நடந்துபோட்டு வாறன்” என்றேன்.

“தூரம் போகாதேங்கோ” என்றார், கருவியிலிருந்து கண்ணெடுக்காமல்.

பாதை வழியே இறங்கினேன். சரிவின் அடியில், முட்புதர் ஒன்றின் பின்னால், நிலத்தோடு ஒட்டி மலர்ந்த வெள்ளி நிற முட்பூ ஒன்றைக் கண்டேன். தண்டே இல்லை, புல்லின்மேல் வைத்த வெள்ளித்தட்டுப் போல இருந்தது. சட்டத்தை மறந்து இரண்டு மூன்று அடி விலகிச் சென்று குனிந்தேன். அந்நேரம் என் முதுகில் வெதுவெதுப்பு ஏறியது. நிமிர்ந்தேன். முகில் பிளந்திருந்தது. கீழ்வானத்துக் கருமுகிலின் முன்னால், அப்புல்வெளி மட்டும் பொன்னாய் எரிந்தது. அத்தகைய ஒளியை நான் வாழ்நாளில் கண்டதில்லை.

அப்போது மேட்டிலிருந்து ஹைக்கேயின் குரல் வந்தது.

“வேஏஏஏக்! வேஏஏஏக்!”

பாதையை விட்டு விலகியதைப் பார்த்துவிட்டார்! கண்காணிப்பாளரே வந்துவிட்டாரோ? மேட்டில் எல்லோரும் கைகளை வீசிக்கொண்டிருந்தனர். குழுவின் ஒப்புதல் என்னால் பறிபோய்விடக்கூடாது என்று, புதரின் பின்னாலிருந்து பாய்ந்து பாதைக்கு வந்தேன். வந்ததோடு நிற்கவில்லை. சட்டத்தை மதிப்பவன் என்பதை எல்லோரும் காணும்படி, பாதையின் நட்டநடுவில், ஓரத்துப் புல்லையும் மிதிக்காமல், அவர்களை நோக்கி நிமிர்ந்து நடந்தேன். காட்டில் தொலைந்தாலும் கண்டுபிடிக்கலாம் என்று எங்கள் மகள் வாங்கித்தந்த செந்நிற மழையங்கியை அன்று அணிந்திருந்தேன். குரல் இன்னும் கடுமையாகக் கேட்டது. இன்னும் நேராக நடந்தேன்.

நான் மேட்டை அடைந்தபோது முகில் மூடிக்கொண்டது. புல்வெளி சாம்பல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது.

முதலில் வாய்திறந்தவர் குகன்.

“மாஸ்ரர், சாமி வீதிவலம் வாறமாதிரி ஆறுதலா வந்தீங்கள். நாங்கள் தேங்காய் உடைக்கேல்லை, அவ்வளவுதான்.”

“பாதைக்கு வா எண்டுதானே கத்தினவ?” என்றேன்.

“பாதையோ? அவ ‘வெக்’ எண்டு கத்தினவ. வெக்! தள்ளிப்போ! படத்துக்கு வெளியால போ!”

அப்போதுதான் விளங்கியது. இடாய்ச்சு மொழியில் நெடிலாய் ஒலித்தால் அது பாதை. குறிலாய் ஒலித்தால் ‘அகன்று போ’. எழுத்து ஒன்றே, ஓசை அளவு வேறு. குறிலையும் நெடிலையும் மயங்கிய மாணாக்கரை எத்தனை ஆண்டுகள் கடிந்திருக்கிறேன்! ஒன்றை மட்டும் எனக்காகச் சொல்லிக்கொள்வேன்: தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது ஓசை நீளும் என்பது நம் இலக்கணம். ஹைக்கே அம்மையார் அறியாமலே நம் இலக்கணப்படி கத்தினார். நானும் அதன்படியே கேட்டேன்.

இவ்விளக்கத்தை நான் சொல்லி முடிக்கும்வரை திலகம் பொறுத்திருந்தார். பிறகு மிக மெல்லச் சொன்னார்:

“இவ்வளவு பெரிய மலையில உங்களுக்கு நடக்கிறதுக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?”

5

அன்று மாலை, நாங்கள் தங்கியிருந்த மலைவிடுதியின் கூடத்தில் எல்லோரும் தத்தம் படங்களைப் பார்த்தனர். எல்லாப் படத்திலும் நான் இருந்தேன். ஒன்றில் புதரிலிருந்து பாய்கிறேன்; ஒன்றில் காலைத் தூக்கியபடி நிற்கிறேன். மற்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். அவர்களிடம் வேறு படங்கள் இருந்தன. திலகத்திடம் இல்லை.

அவர் எடுத்த படத்தை ஹைக்கே வாங்கி உற்றுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. குழுவினரை அழைத்துக் காட்டினார். கருமுகிலின் கீழ்ப் பொன் வெளி. அதன் நடுவே கோடாய் இறங்கும் பாதை. பாதையில் செந்நிறப் புள்ளியாய் ஒரு மனிதன். அந்தப் புள்ளி இருப்பதால்தான் நிலம் எவ்வளவு பெரியது என்பது தெரிகிறது, இவ்வாண்டின் மிகச் சிறந்த படம் இதுவே, வாயிலுக்கு எதிரே உள்ள சுவரில் இதனை வைப்போம் என்று ஹைக்கே சொன்னார். எல்லோரும் மேசையைத் தட்டினர். இந்நாட்டில் அதுவும் ஒரு கைதட்டல்.

என் நெஞ்சு ஒருகணம் குளிர்ந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அந்நேரம் எங்கள் மகள் கயல்விழி தொலைபேசியில் வந்தாள். இங்குள்ளோர்க்கு அவள் கயா. தமிழில் தொடங்கி இடாய்ச்சில் முடிப்பாள். இப்போதெல்லாம் இடாய்ச்சிலேயே தொடங்குகிறாள். நடந்ததைக் கேட்டு, “அம்மா, காய்ன் ப்ரொப்ளேம், ஒரு பிரச்சினையும் இல்லை! படத்தை அனுப்புங்கோ. அப்பாவை ரெண்டு செக்கனில அழிச்சுவிடுறன்” என்றாள்.

“அழிக்க ஏலாது, பிள்ளை. இவையின்ர சட்டம் அப்பிடி. இருந்ததை எடுக்கக்கூடாது, இல்லாததைச் சேர்க்கக்கூடாது.”

“ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்தானே. நிண்ட மனுசனை எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?”

பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு ஹைக்கேயிடம் திரும்பினார். திலகத்தின் இடாய்ச்சு வெளுப்பறையில் கற்றது. வேற்றுமை உருபுகள் நொறுங்கும், ஆனால் சொல்லவந்தது தவறாது. இந்தப் படத்தைத் தரமாட்டேன் என்றார். ஹைக்கேக்கு விளங்கவில்லை. ஏன், இது நல்ல படமல்லவா என்று கேட்டார்.

திலகம் தமிழுக்கு மாறி, மொழிபெயர்க்கும்படி குகனைப் பார்த்தார். “நல்ல படம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இது இவற்ற படம். நான் எடுக்க வந்தது இதில்லை எண்டு சொல்லுங்கோ தம்பி.”

குகன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். கூடத்தில் சிரிப்பு நின்றது. மறுநாள் காலையுணவு முடிந்ததும் புறப்படவேண்டும், வானிலை அறிக்கையோ மூடுபனி என்கிறது, வேறு படம் கிடைக்காவிட்டால் உங்கள் இடம் வெறுமையாய்த்தான் இருக்கும் என்றார் ஹைக்கே. திலகம், “ஓம், இருக்கட்டும்” என்றார். தமிழில்.

எங்கள் அறையில் நான் முக்காலியின் கால்களைத் துடைத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

“விடிய நான் போறன். நீங்கள் வரவேண்டாம்.”

“அப்ப இதை ஆர் தூக்குறது?”

“எனக்குக் கையில்லையோ?”

6

அவர் போனபோது வெளியே வெளிச்சம் அரும்பத் தொடங்கியிருந்தது. மூடுபனி விடுதியின் வாயிற்படி வரை வந்து நின்றது. அவருடைய முதுகில் முக்காலி சற்றுச் சாய்ந்திருந்தது; வாரை நான் கட்டும் முறை வேறு. சரிசெய்யக் கை நீண்டது. மடக்கிக்கொண்டேன். பத்து அடி நடந்ததும் பனி அவரை விழுங்கிற்று.

கூடத்தில் அமர்ந்தேன். குகன் இஞ்சித் தேநீர் வைத்துத் தந்தார். காலையுணவுக்கு ஒவ்வொருவராக வந்தனர், உண்டனர், பைகளைக் கட்டினர். திலகத்தைக் காணோம். சாளரத்துக்கு வெளியே வெண்மை ஒன்றே இருந்தது.

அவருடைய இடப்பக்க முழங்கால் இறக்கத்தில் மடங்கும். தொலைபேசியை மேசைமேல் விட்டுச் சென்றிருந்தார். இந்நாட்டுக்கு வந்த நாள் முதல் அவர் ஓரிடத்துக்குத் தனியே போனது வேலைக்கு மட்டுந்தான். அதுவும் நிறைந்த பேருந்தில். இவற்றையெல்லாம் மாறிமாறி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஹைக்கே வந்து வாயிலில் நின்று பார்த்தார். சிற்றுந்துகளில் பைகளை ஏற்றி முடித்தாயிற்று. ஓட்டுநர்கள் இருக்கையில் அமர்ந்துவிட்டனர்.

குகன் எழுந்தார். “மாஸ்ரர், ஒருக்கா போய்ப் பாத்துக்கொண்டு வரட்டே? வழி தெரியும்தானே. கூப்பிட்டாலே கேக்கும்.”

ஆணியில் தொங்கிய செந்நிற அங்கியில் என் கை பட்டுவிட்டது. நான் போகலாம், குகனை அனுப்பலாம், ஹைக்கேயைக் கத்தச் சொன்னால் மலை முழுதும் கேட்கும். ஆனால் அந்த வெண்மைக்குள் எங்கேயோ அவர், வாழ்வில் முதன்முறையாக, ஒருவரும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்த நொடியே அது அவ்விடமாக இராது.

“இரும் குகன். சனமில்லாத இடம் கேட்டுப் போனவ. கேட்டபடி இருக்கட்டும்” என்றேன்.

ஹைக்கே இதனை எப்படி விளங்கிக்கொண்டாரோ அறியேன். வெளியே சென்று ஓட்டுநர்களிடம் பொறியை நிறுத்தச் சொன்னார். நேரம் தவறுவதைப் பெருங்குற்றமாக எண்ணும் அவ்வம்மையார் திரும்பி வந்து, என் எதிரே அமர்ந்து, தமக்கு ஒரு குவளை தேநீர் ஊற்றிக்கொண்டார். ஒளி வருவதற்காகத்தான் அவர்கள் காத்திருப்பர் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

திலகம் வந்தபோது காலணி நனைந்து, தலைமுடியில் பனித்துளிகள் கோத்திருந்தன. பாவாடை ஓரத்தில் புல்விதைகள். முக்காலியைத் தாமே இறக்கிவைத்தார்.

“கிடைச்சதோ?” என்று கேட்டேன்.

“ம்.”

“எங்க, காட்டும்.”

“சுவரில வைக்கேக்க பாருங்கோ.”

வண்டியில் எசன் வரும்வரை அவர் உறங்கினார். அவ்வளவு ஆழமாக அவர் பகலில் உறங்கி நான் கண்டதில்லை.

7

படக்காட்சி கார்த்திகையில் திறந்தது. எங்கள் தமிழர் பலர் வந்திருந்தனர். பட்டுச்சேலையோடும் வடைப்பெட்டியோடும் வந்து, அமைதியான அந்நூலகத்தைச் சற்றுநேரம் மண்டபமாக்கிவிட்டனர். நூலகப் பணியாளர் முதலில் திகைத்தார். பிறகு வடை எடுத்தார்.

திலகத்தின் படம் வாயிலுக்கு எதிரே அன்று, மூலைச் சுவரில் இருந்தது. நானும் அன்றுதான் பார்த்தேன். மூடுபனி முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்திருக்கிறது. அதற்கு மேலே புல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுகின்றன. முன்னால் உள்ள புல்லின் ஒவ்வொரு தாளிலும் பனி. மிகப் பின்னால் உள்ள மேடு வானமோ நிலமோ என்று சொல்ல இயலாது. வெயில் இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்பது மட்டும் தெரிகிறது. நான் சொற்களோடு வாழ்ந்தவன். அந்தப் படத்தின் முன்னால் எனக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

எங்கள் அயலவர் பரமேசுவரி அக்கா கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அதற்குள் எதையோ தேடினார். ஓரத்தில் தேடினார், மூலையில் தேடினார். பிறகு குழப்பத்தோடு திரும்பினார்.

“வடிவாத்தான் இருக்கு, திலகம். ஆனா ஒருத்தரையும் காணேல்லையே?”

திலகம் தம் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

“நான் நிண்டனான், அக்கா.”